ஏழு ஃபைல் அதிகம்

ஏழு ஃபைல்கள் அதிகமாக இருந்தன.

குறைந்திருந்தால், ஆபீசில் கான்ட்ராக்ட் என்று அழைக்கப்பட்டவன் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டான். காணாமல் போவது ஃபைல்களின் சுபாவம். தேடலாம், திட்டலாம், பழியை யார் தலையிலாவது போடலாம். ஆனால் பழைய மெஷினில் இருந்தது 41,212. அதை அப்படியே நகலெடுத்த புது மெஷினில் 41,219. இல்லாத ஃபைல் எங்கிருந்து முளைக்கும்? மூன்று முறை எண்ணச் சொன்னான். மெஷின் கொஞ்சமும் கூச்சமில்லாமல் மூன்று முறையும் அதையே சொன்னது.

ஊரார் ஃபைல்களை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். கிளவுட் என்று பெயர். மேகம் இருந்ததென்னவோ இரண்டாம் மாடியில், கழிப்பறையை ஒட்டிய அறையில். அங்கே இருந்த பழைய மெஷின்கள் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கின்றன என்று புதுவகை பிராசஸர் வைத்த மெஷின் ஒன்றை வரவழைத்திருந்தார்கள். புது பிராசஸருக்குப் பழையதன் பாஷை புரியாது. சேமிப்பு சாஃப்ட்வேரை அதற்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது இவன் வேலை. முதலில் கம்பெனியின் சொந்த ஃபைல்களை வைத்துச் சோதனை, பிறகுதான் வாடிக்கையாளர்கள்.

மூன்று வருஷமாக அவன் அங்கே ஒப்பந்த ஊழியன். நிஜப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான் என்கிற அளவுக்கு எல்லோரும் அவனைக் 'கான்ட்ராக்ட்' என்றே கூப்பிட்டார்கள். "கான்ட்ராக்ட் சாப்பிட்டாச்சா?" "கான்ட்ராக்டுக்கு ஜலதோஷமாம்." அந்த ஒப்பந்தமும் வருகிற வெள்ளியோடு முடிகிறது. இரண்டு மெஷினிலும் எண்ணிக்கை ஒத்துப்போனால் அன்றைக்கே நிரந்தர ஆர்டர், இல்லாவிட்டால் கைகுலுக்கி வழியனுப்பி விடுவோம் என்று மேனேஜர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார்.

அன்று திங்கட்கிழமை. காலையில் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமான வாராந்தரக் கூட்டம். இவனை அதற்குக் கூப்பிடுவதில்லை. அந்த அமைதியில் நகலை முடித்து, பழைய மெஷினில் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி பூட்டி, புது மெஷினை ஓடவிட்டிருந்தான். மாலைக்குள் ஏழு அதிகம்.

மேனேஜரிடம் போய் நின்றான்.

"ஏழு அதிகமா இருக்கு சார்."

"அதிகம்னா நல்லதுதானேப்பா?"

"இல்ல சார். ஒத்துப்போகணும்."

"அப்போ எடுத்துடு. இதுக்கெல்லாம் என்கிட்ட வரணுமா?"

எடுத்துவிட்டான். என்ன ஃபைல்கள் என்று பார்க்க வழியில்லை. சேமித்தவரின் அந்தரங்கம் காப்பதற்காக எல்லாம் பூட்டிய பெட்டிகளாகவும், பெயருக்குப் பதில் ஒரு முழ நீள எண்ணாகவும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாலை பதினாறு அதிகமாக இருந்தது.

கான்ட்ராக்ட் புது மெஷினோடு வந்த கைப்புத்தகத்தைப் புரட்டினான். பழைய பிராசஸர் சொன்ன வேலையைச் சொன்ன வரிசையில் செய்கிற சாதுப்பிள்ளை. புதியதோ வேகத்துக்காகத் தன் வசதிப்படி முன்னே பின்னே மாற்றிச் செய்யும் என்று போட்டிருந்தது. சரிதான், ஒரே ஃபைலை இரண்டு முறை எழுதித் தொலைக்கிறது என்று முடிவு கட்டினான். பதினாறையும் அழித்தான். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்று சாஃப்ட்வேரில் அடிக்கு அடி காவல் போட்டான். மெஷின் நகரவே யோசித்தது. ஒரு ஃபைலை எழுத நாற்பது விநாடி எடுத்துக்கொண்டது. மெதுவாகச் செய்தாலும் ஒழுங்காகச் செய்யட்டும் என்று தேற்றிக்கொண்டான்.

புதன்கிழமை நூற்றுப் பதினெட்டு.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி விஷயத்தைக் கேட்டு வாங்கினாள்.

"எங்க கடையில மாத்திரை குறைஞ்சாதான் முதலாளி கத்துவார். கூடுதலா இருந்தா சத்தமே வராது."

"இது மாத்திரை இல்ல. யாருமே வைக்காத ஃபைல். அப்படி ஒரு மெஷின் ஓடுறதே எனக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும்."

"அப்போ தானா குட்டி போடுதா?"

"அப்படித்தான் தோணுது" என்றான் அவன், விளையாட்டாக அல்ல.

அவள் சிரிக்கவில்லை. கணவன் போன வருஷமே நிரந்தரமாகிவிட்டதாகத் தன் அம்மாவிடம் அவள் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவளுக்கும் புரியவில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளாமல் இருவரும் எழுந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஆர்டர் அக்காவைப் பார்க்கப் போனான். நியமனம், விடுப்பு, எச்சரிக்கை என்று எல்லாக் கடிதங்களும் அந்த அம்மாளின் கையிலிருந்து வருவதால் அந்தப் பெயர். அவள் கம்ப்யூட்டரை அடித்த அடியில் மேஜை ஆடிக்கொண்டிருந்தது. ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நாளைக்குப் பார்க்கலாம்ப்பா என்று நிமிராமலே சொன்னாள். நேற்று, அதற்கு முந்தின நாள், எல்லா நாளும் இதே பதில்தான். எண்ணிக்கை விஷயம் இவள் காதுவரை வந்துவிட்டது என்று கான்ட்ராக்ட் புரிந்துகொண்டான். அதனால்தான் பிடி கொடுக்காமல் பேசுகிறாள்.

திரும்பி வரும் வழியில் பார்த்தால் ஆபீஸ் முழுக்கத் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தது. விற்பனைப் பிரிவுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். விளம்பரம் எழுதுகிற பெண் ஒரு வரி தட்டுவதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தாள். வழக்கமாகப் பதினோரு மணிக்கு டீ குடிக்கக் கிளம்பிவிடுகிற கூட்டம் அது. இப்படி உழைக்கிற மனிதர்களுக்கு நடுவே ஒரு மெஷினை அடக்க முடியாத நிலையில் தான் ஒருவன் இருப்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்திலிருந்து அவனுக்குப் புத்தி வந்தது. காரணம் தெரியாவிட்டால் போகிறது, காரியம் ஆனால் போதும். பழைய பட்டியலில் இல்லாத எந்த ஃபைலையும் கண்டவுடன் அழிக்கிற சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினான். முதலில் மணிக்கு ஒருமுறை ஓடவிட்டான். ஒரு மணி நேரத்துக்குள் முந்நூறு முளைத்திருந்தன. அளவை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நாலைந்து பிரதிகளாக வருகிற மாதிரி இருந்தது. பயந்துபோன பிராணி மாதிரி மெஷின் இன்னும் அதிகமாகக் குட்டி போடுகிறதா? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றினான்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார் மேனேஜர். மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் கான்ட்ராக்ட் அந்த அறைக்குள் நுழைந்தான். நாற்காலிகள் மெத்தென்று இருந்தன. சுவரிலிருந்த பெரிய திரையில் இரண்டு எண்கள் தெரிந்தன.

பழைய மெஷின்: 41,212. புது மெஷின்: 41,212.

ஐந்து நாளாக அவன் பட்ட பாடு அந்த இரண்டு வரிகளில் அடங்கிவிட்டது. மேனேஜர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அந்த வாரம் எல்லோருக்கும் என்ன களைப்போ, தட்டலில் அவ்வளவு உயிரில்லை. புது மெஷினின் வேகம், மிச்சமாகப் போகிற மின்சாரம் என்று மேனேஜர் சிறிது நேரம் பேசினார். பிறகு இவன் தோளில் கை போட்டு முன்னால் இழுத்தார்.

"ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இப்படி ஒரு ஆளை விட முடியுமா? இனிமே யாரும் இவனைக் கான்ட்ராக்ட்னு கூப்பிடக் கூடாது. மேடம், அந்த ஆர்டரைக் கொடுங்க."

இவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

கதவோரம் நின்ற ஆர்டர் அக்கா வெறுங்கையோடு அழுகிற நிலையில் இருந்தாள்.

"திங்கக்கிழமை கூட்டத்துல நீங்க சொன்னதுலேர்ந்து நாங்க எல்லாருமே எல்லாத்தையும் புது மெஷின்லதான் சார் வைக்கிறோம், இந்தத் தம்பியோட ஆர்டரை மட்டும் பதினோரு தடவை டைப் பண்ணி வச்சுட்டேன், வச்ச பத்து நிமிஷத்துல எங்கயோ போயிடுது."