ஆங்?

கேள்விபுரி என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். இப்போது அதற்கு வேறு பெயர்.

அங்கே குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் நாளில், தெருச் செவிலி முதுகுப்புறம் நின்று சின்ன மணி ஒன்றை அடிப்பாள். குழந்தை திரும்பினால் எல்லோருக்கும் பாயசம். திரும்பாவிட்டாலும் பாயசம்தான், குடித்த கையோடு தெருமுனைக் காது வைத்தியசாலைக்குத் தூக்கிப் போவார்கள். "திரும்பிச்சா?" என்றுதான் எங்கள் ஊரில் குழந்தையை விசாரிப்போம். இன்றும் குழந்தையைக் கண்டால் அந்தக் கேள்விதான் என் வாயில் வருகிறது.

மன்னருக்கு வயதானது, காதும் மந்தமானது. அவர் முதுகுக்குப் பின்னால் மணி அடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? எதைச் சொன்னாலும் "ஆங்?" என்றார். 'என்ன?' என்று கேட்கிறார் என்பது யாருக்கும் புரியும். தலைமை அமைச்சர் வாய்மொழியாருக்கு மட்டும் அது "ஆங்", அதாவது சரி, என்று கேட்டது.

"தண்ணீருக்கு வரி விதிக்கலாமா, பிரபு?"

"ஆங்?"

முரசு முழங்கியது.

"மணியோசை அரச செவிக்கு இழுக்கு. தடை செய்யலாமா?"

"ஆங்?"

மணிகள் பறிமுதலாயின. அடுத்த "ஆங்?"கில் காது வைத்தியசாலைகள் அரசின் புகழ்பாடும் மண்டபங்களாயின. காது கேளாதவர்களுக்கும் கேட்கட்டும் என்று சுவரெல்லாம் ஒலிபெருக்கி மாட்டினார்கள்.

மணி இல்லாத காலத்தில் பிறந்தவள் மைனா. பின்னால் பித்தளைக் குடம் உருண்டு விழுந்தும் அவள் திரும்பாதபோதுதான் தாய் பவளத்துக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது.

"பேச்சு பிடிபடுற வயசும்மா இது. இப்பவே காதுக்குக் கருவி வெச்சா பேசிடுவா. தள்ளிப்போனா ரொம்பக் கஷ்டம்," என்றார் வேலையிழந்த வைத்தியர். "ஆனா கருவியெல்லாம் அரண்மனைக் கிடங்குல பூட்டிக் கெடக்கு."

பவளம் குழந்தையோடு அரசவைக்கு ஓடினாள். "சாமி, வைத்தியசாலையத் தொறந்து விடுங்க. எம்புள்ள என்னைய அம்மான்னு கூப்பிடணும்."

"ஆங்?" என்றார் மன்னர்.

"சரின்னுட்டாரு!" என்று பவளம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவசரப்படாதே, பெண்ணே," என்றார் வாய்மொழியார். "இது கேள்வி. சம்மதம் அன்று."

பழைய செவிலி ஒருத்தி பதுக்கி வைத்துக் கொடுத்த மணி பவளத்தின் முந்தானையில் இருந்தது. சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் அதை அடித்தாள். சபை முழுக்கத் திரும்பியது. மன்னர் திரும்பவில்லை.

ஊர் கொதித்தது. மன்னரை இறக்கினோம். தேர்தல் வைத்தோம். மணிக்குத் திரும்புபவருக்கே வாக்கு என்று முடிவாயிற்று. வென்றவர் மணி அடிப்பதற்கு முன்பே திரும்பினார். பழைய நாட்கள் வந்துவிட்டன என்று நான் அழுதேவிட்டேன்.

முதல் நாளே பவளம் மைனாவோடு போய் நின்றாள். புது மன்னருக்கு அருமையான காது. ஒரு சொல் விடாமல் கேட்டார். பக்கத்தில் அதே வாய்மொழியார் நின்றிருந்தார். மன்னர் அவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆங்?" என்றார்.

மைனா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் அதேபோல் வாயைத் திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை.