மதலைமுத்து அட்மின் ஆன படலம்

வாழ்க மதலைமுத்து! மேட்டுத்தெரு காத்த மன்னா, ஒலிபெருக்கியின் ஒரே காதலா, கஞ்சிபோட்ட வெண்சட்டையின் மடிப்புக் கலையாமல் மூன்று தேர்தல் தோற்ற மாவீரா, வாழ்க! லிங்கராஜபுரத்து மேம்பாலம் உள்ளளவும், அதனடியில் மழைநீர் தேங்கும் குழிகள் உள்ளளவும் நின் புகழ் நிலைப்பதாக! நாவிலுறையும் தேவியே, இந்தக் கதைசொல்லிக்குக் கொஞ்சம் மூச்சைக் கடன் கொடு. பாடப்போகும் போரில் வாக்கியங்கள் நீளம், வீரம்தான் குட்டை.

கன்டோன்மென்ட் உரிமைக் கட்சி என்றொரு கட்சி இருந்தது. அதன் நிறுவனர், நிரந்தரத் தலைவர், இடியை விழுங்கி இருமலாகத் துப்பியவர் டிரேவர். மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் ஒரே குழாயில் வந்த தண்ணீரை இரண்டு இனங்களின் குருதி என்று முழங்கி, ஒரே கோயில் மணிக்கு எழுந்து ஒரே பேக்கரியில் பன் வாங்கித் தின்ற சனங்களை எதிரெதிர்ப் படைகளாக நிறுத்திய பெருமை அவருடையது. அவரைத் தெய்வம் என்றோர் பாதி. அவர் குரல் கேட்டதும் சன்னலைச் சாத்தினோர் மீதி. 'நம்மோடு இல்லாதவன் நமக்கு எதிரி' என்பது அவர் கட்சிக்கு அருளிய ஒற்றை வேதம். அந்த வேதத்தை எழுத்துப் பிசகாமல் ஓதியவர் பொதுச்செயலாளர் மதலைமுத்து. பள்ளத்தெருவில் வாழ்க்கைப்பட்ட தன் தங்கை டீனாவின் மகள் கல்யாணத்துக்குப் போகாமல், அன்று மாலை தலைவருக்கு மைக் பிடித்தவர் அவர்.

அப்பேர்ப்பட்ட தலைவர், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், மேடை ஏறாமல், மாலை வாங்காமல், கண்ணீர்த்துளி ஒன்றுகூடச் சிந்தாமல், கட்சியின் வாட்ஸாப் குழுவைவிட்டு வெளியேறினார். நேற்றுவரை மேடைக்கு மேடை எந்தப் பெரிய கட்சியைக் கொள்ளைக்கூட்டம் என்று ஏசினாரோ அதே கூட்டத்தில் சேர்ந்து, ஏதோ ஒரு வாரியத்தின் தலைவரும் ஆகிவிட்டார் என்ற செய்தி பல் துலக்கிக்கொண்டிருந்த மதலைமுத்துவின் காதில் விழுந்தது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே போனைத் தேடினார்.

"போனாரே, உங்கள ஒரு வார்த்த கேட்டாரா?" என்றாள் அவர் மனைவி மௌரீன்.

அறிந்தோர் அறிவர், அக்கட்சிக்கு அலுவலகம் இல்லை. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் பூட்டிவிட்டார். கொடி இருந்தது, கம்பம் இல்லை. அந்த வாட்ஸாப் குழுதான் கட்சி. வார்டு தேர்தலோ வாசலில் நிற்கிறது. குழுவை ஆள்பவனே கட்சியை ஆள்வான்; கட்சியை ஆள்பவனே வேட்பாளன். அதுவரை குழுவின் ஒரே அட்மின் டிரேவர். ஒரே அட்மின் ஓடிப்போனால் வாட்ஸாப் தன் மனம்போனபடி வேறொருவர் தலையில் கிரீடத்தை வைத்துவிடும். அந்தக் கிரீடம் தன் தலையில்தான் இறங்கியிருக்கும் என்று நம்பி, பட்டியலைத் திறந்த மதலைமுத்து கண்டது: 'லவினா, அட்மின்'.

பக்கத்துவீட்டு லவினா, என்றோ ஒருநாள் கட்சிச் சுவரொட்டிக்குக் கணினியில் யானைப்படம் வரைந்து கொடுத்ததற்காகக் குழுவில் சேர்க்கப்பட்டவள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பலமுறை அழைத்தும் எடுக்கவில்லை. இதே பட்டியலை இதே நேரத்தில் பார்த்து, இதே பெண்ணை அழைத்துக்கொண்டிருந்தார் இன்னொருவர். பிரச்சாரச் செயலாளர் கோவிந்தன், டயர்க்கடை அதிபர், தலைவரின் வலப்பக்க நாற்காலிக்காக மதலைமுத்துவோடு ஓயாது மல்லுக்கட்டியவர். அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிப் பறந்ததைக் கண்டதும் நம் நாயகனின் மீசை சிலிர்த்தது. தலைக்கவசம் அணிந்தார். வாசலில் நின்று பிரகடனம் செய்தார்:

"மேட்டுத்தெரு உள்ளவரை கட்சி உண்டு! திரும்பினால் அட்மினாகத் திரும்புவேன்! இல்லையேல் திரும்பவே மாட்டேன்!"

"திரும்பலன்னா ஒரு போன் பண்ணிடுங்க. குக்கர் வைக்க வேணாம்" என்றாள் மௌரீன்.

எலெக்ட்ரானிக் சிட்டி நோக்கிப் புறப்பட்டது பைக் என்னும் புரவி. அல்சூரைக் கடந்து, தொம்மலூரைத் துளைத்து, கோரமங்கலத்தின் காபிக்கடைகளைப் பகைப்புலம்போல் வெறித்து, சில்க்போர்டு என்னும் செந்நெருப்புச் சிக்னலின் முன் ஆயிரம் வாகனங்கள் ஆமைகளாய் அடைந்து கிடந்த பெருவெளியில் போய் முட்டியது. அங்கே நிமிர்ந்து பார்த்தார். வானளாவிய பதாகையில், பெரிய கட்சியின் துண்டைத் தோளில் போட்டு, கைகூப்பி, அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் டிரேவர். துரோகி என்று கத்த வாய் திறந்தார் மதலைமுத்து. கை முந்திக்கொண்டது; பழக்கதோஷத்தில் நெற்றிக்கு உயர்ந்து சலாம் வைத்துவிட்டது. பக்கத்து ஆட்டோக்காரன் சிரித்தான். அவமானம் கழுத்துவரை ஏறியதில் தலைக்கவசத்தின் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டார்.

அடுத்து வந்தது உயர்மட்டச் சாலை. சுங்கம் கட்டி மேலே ஏறினால் காற்றாய்ப் பறக்கலாம். ஆனால் கட்சித்தொண்டன் சுங்கம் கட்டக்கூடாது என்று தலைவர் ஒருமுறை சூளுரைத்திருந்தார். தலைவர் போய்விட்டார்; சூள் மட்டும் மதலைமுத்துவின் மண்டையில் குடியிருந்தது. கோவிந்தன் சுங்கம் கட்டி மேலே போக, நம் நாயகன் கீழே, பொம்மனஹள்ளிப் புழுதியை உண்டு, கூட்லு கேட்டில் குலுங்கி, ஆனேக்கல் பேருந்து உமிழ்ந்த கரும்புகையால் வெண்சட்டை சாம்பல்நிறமாக, கொள்கை காத்துச் சென்றார். எவர் கொள்கையை எவருக்காகக் காக்கிறோம் என்ற ஐயம் சிங்கசந்திரா அருகே ஒருகணம் எழுந்தது. ஹாரனை அழுத்தி அதை விரட்டிவிட்டார்.

முந்தி வந்த கோவிந்தனோ கோட்டைக்குள் நுழையவில்லை. கம்பெனி வாசலில், அடையாள அட்டை இல்லாதவரை உள்ளே விடாத காவலாளியின் முன், பிடுங்கி நட்ட வாழைக்கன்றாய் வாடி நின்றார். இரண்டு பகைவரும் ஒருவரையொருவர் கண்ணால் எரித்தபடி ஒரே குட்டை மரத்தின் நிழலில் ஒதுங்கினர். காபி குடிக்க வெளியே வந்தாள் லவினா.

"மதலை அங்கிள்? கோவிந்தன் அங்கிளும்? இன்னா ஆச்சு, எங்க வீட்ல யாருக்காச்சும் எதனா..."

"கட்சி இப்ப உன் கைலதான்மா கீது" என்றார் மதலைமுத்து.

"எந்தக் கட்சி?"

பாரதப்போரில் பாய்ந்த கணைகளெல்லாம் சேர்ந்தாலும் இந்த இரண்டு சொற்களுக்கு ஈடாகா. இரண்டு தெருக்களைப் பிளந்த பேரியக்கம், ஒரு பெண்ணின் புருவ நெரிப்பில் தூசானது. கோவிந்தன் விளக்கினார். அவள் போனைத் தேடி எடுத்தாள்.

"ஓ, இந்த க்ரூப்பா? இத நான் மியூட்ல போட்டு ஜமானா ஆச்சு. எனக்கு வேணாம் அங்கிள். ரெண்டு பேரையும் அட்மின் ஆக்கிட்டு நான் எக்ஸிட் ஆயிடறேன். எனக்கு மீட்டிங் கீது."

ஆக்கினாள், அகன்றாள். மூண்டது பெருவிரற்போர்!

எடுத்தவுடன் எதிரியை நீக்கினால் போர் முடிந்துவிடும். ஆனால் தோற்பவன் தன் தோல்வியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது டிரேவர் கற்பித்த போர்முறை. ஆகவே மதலைமுத்து கோவிந்தனின் ஆட்களை நீக்கினார். கோவிந்தன் மதலைமுத்துவின் ஆட்களை நீக்கினார். ஆட்கள் தீர்ந்ததும், எவர் பக்கமும் சாயாதவர்களை, எதிரிகள் என்று முடிவுகட்டி இருவரும் போட்டிபோட்டு நீக்கினர். டயர்க்கடைப் பையன்கள் வீழ்ந்தனர். பாடகர் குழு வீழ்ந்தது. தினமும் காலை வணக்கம் அனுப்பும் அம்புஜம் டீச்சர், ரோஜாப்பூப் படத்தோடு வீழ்ந்தார். மௌரீனின் பெயர் வந்தபோது நம் நாயகனின் விரல் தயங்கியது. கோவிந்தன் அனுப்பிய தீபாவளி வாழ்த்துக்கு அவள் கட்டைவிரலை உயர்த்தியது நினைவில் சுட்டது. கட்டிய மனைவியையும் களத்தில் பலியிட்டார்.

களம் வெறிச்சோடியது. பட்டியலில் இரண்டே பெயர்கள்.

கோவிந்தன் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்திய அந்த இமைப்பொழுதில், இருபதாண்டுப் பொறாமையும் சில்க்போர்டு சலாமின் வெட்கமும் ஒரு விரல்நுனியில் திரண்டு நிற்க, அழுத்தினார் மதலைமுத்து. வீழ்ந்தார் கோவிந்தன்!

வென்றார்! வேறெவர்க்கும் வாய்க்காத ஒருமித்த ஆதரவோடு, எதிர்க்குரல் ஒன்றுமின்றி, கட்சியின் தலைவராய், பொருளாளராய், மகளிரணியாய், தொண்டராய்த் தாமே விளங்கினார். கன்னங்களில் நீர் வழிய, குழுவில் வெற்றிப் பிரகடனம் தட்டினார்: "தோழர்களே! தலைவர்கள் போகலாம், கட்சி போகாது! இன்றுமுதல் நாம் ஒன்றுபட்டோம்! நம்மைப் பிரிக்க இனி எவராலும் முடியாது!"

அனுப்பினார். எந்தப் போனிலும் மணி அடிக்கவில்லை. ஒருவராவது படித்ததற்கு அடையாளமாக நீலக்குறி வருமென்று காத்திருந்தார், வரவில்லை. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கோவிந்தன், பகைமறந்த குரலில் கேட்டார்:

"ஏம்பா முத்து, இது யாருக்குப் போச்சு?"

தனிப்பெரும் தலைவர், தனிக்குடை வேந்தர், எவராலும் பிளக்கவொண்ணாப் பேரியக்கத்தின் கடைசி உறுப்பினர், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், போனைச் சட்டைப்பையில் போட்டார்.

எதிரே நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டல் ஒன்று இருந்தது, இரண்டு பேரும் போய் இட்லி வடை சாப்பிட்டார்கள்.