சும்மா மேல்துருதான்!

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. துருப்பிடித்த பழைய காரைக் கண்டால் நீங்களும் நானும் வேட்டி, புடவையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப்போவோம். இவர்களோ குனிந்து, தடவி, தட்டி, காதை வைத்துக் கேட்டு, "என்ன உடம்பு பாத்தீங்களா! இப்ப வர்றதெல்லாம் வெறும் தகர டப்பா" என்பார்கள். தட்டிய விரல் கதவுக்குள் போயிருக்கும். அதனாலென்ன? "சும்மா மேல்துருதான்" என்று விரலை உருவிக்கொள்வார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். கணக்கு வாத்தியார். நாற்பது வயதுக் கார் ஒன்றைக் கோழிக் கொட்டகையிலிருந்து மீட்டு வந்தார். இரண்டு கோழிகள் இறங்க மறுத்து, கூடவே வந்தன.

அப்புறம் தொடங்கியது தோண்டல். பெயின்டைச் சுரண்டினால் பட்டி, பட்டியைப் பெயர்த்தால் சிமென்ட், சிமென்டுக்குள் கம்பிவலை, வலைக்குப் பின்னால் எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகடு, அதற்கும் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். அடுக்குக்கு ஒரு வசவு. "எந்த மடையன் கை வெச்சானோ! மனசாட்சி இருக்கா அவனுக்கு?" செய்தித்தாளை மட்டும் பிரித்து, அதிலிருந்த குறுக்கெழுத்தைப் போட்டு முடித்துவிட்டுத் திட்டினார்.

வெல்டரைக் கூப்பிட்டார். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பழைய ரிப்பேரையெல்லாம் எடுத்துட்டீங்க. சரி. வண்டி எங்க சார்?"

வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினார். அன்றிலிருந்து வீட்டில் சாமான்கள் காணாமல் போயின.

"பெரிய தட்டு எங்கங்க?" என்பார் மனைவி.

"வண்டியில."

"தண்ணி டிரம் மூடி?"

"அதுவும்தான். பெயின்ட் அடிச்சாச்சு, தெரியவே தெரியாது."

இந்த நிலையில், வந்திருந்த மாமனார் ஊருக்குக் கிளம்பினார். ஓய்வுபெற்ற தபால்காரர். மறுநாள் அவருக்குக் கண் ஆபரேஷன். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. ரயிலை விட்டால் அதுவும் போச்சு. மகள் வாடகை வண்டிக்குப் போனை எடுத்தார்.

"வாசல்ல கப்பல் மாதிரி நிக்குது, வாடகை வண்டியா?"

"அப்பா கண்ணு விஷயம்ங்க. விளையாடாதீங்க!"

"மாமா, நீங்க ஏறுங்க."

பாவம், ஏறினார். இரண்டாவது திருப்பத்தில் பின்சீட்டுத் தரை சொல்லாமல் கொள்ளாமல் கழன்று விழுந்தது. மாமனாரின் கால்கள் ரோட்டில்.

"மாப்ளே! நிறுத்துங்க!"

"நிறுத்தினா மறுபடி கிளம்பாது மாமா! கொஞ்சம் ஓடி வாங்க!"

முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்த கால்கள் ஆயிற்றே! முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, காருக்குள்ளேயே ஓடினார். வெளியே ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட ஓடிவந்து, ஈடுகொடுக்க முடியாமல் நின்றுவிட்டது. ஸ்டேஷனில் ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. மனுஷர் ஏற்கனவே ஓடிக்கொண்டுதானே இருந்தார்? அதே வேகத்தில் கதவைத் திறந்து, பிளாட்பாரத்தைக் கடந்து ஏறிவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டுப் பிரித்ததும் மகளுக்குப் போன் செய்தார்: "கண்ணு பளிச்சுனு தெரியுதும்மா. இனி உன் புருஷன் வண்டிய அரை மைல் தூரத்திலயே கண்டுபிடிச்சு ஒளிஞ்சுக்குவேன்."

மகள் சிரித்துவிட்டு, ஒரு வாரம் புருஷனோடு பேசவில்லை.

வாத்தியார் ரோட்டில் கிடந்த தகரத்தைத் தூக்கிக்கொண்டு வெல்டரிடம் போனார். "பாருய்யா, எந்த மடையன் வெச்சது இது?"

"உங்க வீட்டு டிரம் மூடி சார்."

வாத்தியார் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேற. அவசரத்துக்கு வெச்சது" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆமாம், இதைப் படிக்கப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே மூக்குக்கண்ணாடி, அதன் காம்பில் சுற்றியிருப்பது என்ன, டேப்பா? எத்தனை வருஷமாக?

அவசரத்துக்குச் சுற்றியதுதான். தெரியும், தெரியும்.