படுக்கை விரிப்பு கட்டிய சகோதரன்

அழைப்பு மணியை அழுத்தக் கையைத் தூக்கியதும் ஆர்லோ பெங்ஸ்டன் பழங்காலத்து ஆட்களைப் போல உடம்பில் சுற்றியிருந்த டோகா தோளிலிருந்து நழுவியது. இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கையைத் தூக்கினான். மறுபடி நழுவியது.

உண்மையில் அது டோகாவே அல்ல. விடுதிக் கட்டிலில் கிடந்த படுக்கை விரிப்பு. மெத்தையை விட்டு நகராமலிருக்க நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த ரகம். எப்படிச் சுற்றினாலும் ஒரு மூலை முதுகில் பை மாதிரி தொங்கியது. "இதைக் கட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கினா போலீஸ்தான்டா பிடிச்சுட்டுப் போகும்" என்று அறைத்தோழன் குவென்டின் எச்சரித்திருந்தான். ஆர்லோ அசரவில்லை. கிரேக்க எழுத்துகளையே பெயராக வைத்து, சகோதரர்களாக ஒரே வீட்டில் தங்கும் மாணவர் சங்கத்தில் சேரப் போகிறவன் டோகா இல்லாமல் போவதாவது?

நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையை விட்டு இந்த ஒஹாயோ கல்லூரிக்கு வந்ததிலிருந்து அவன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகத்தான் உட்காருகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு இடம் கொடுக்க ஒரு மேஜை இல்லை. அது அவனுக்கு வலித்தது. சங்க வீடு ஒன்றில் சேர்ந்துவிட்டால் ஒரே நாளில் வீடு நிறைய அண்ணன் தம்பிகள்.

ஆனால் கல்லூரிப் புல்வெளியில் ஆள் சேர்க்கக் கடை போட்டிருந்த சங்கங்கள் எல்லாம் அவன் கையைக் குலுக்கிவிட்டு அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தன. சிகமோர் தெருவில் வாசலுக்கு மேல் மரத்தில் செய்த மூன்று கிரேக்க எழுத்துகள் மாட்டியிருந்த இந்த வீடு மட்டும் கடையே போடவில்லை. உண்மையான சங்கம் கடை விரித்து ஆள் பிடிக்குமா என்று ஆர்லோ யோசித்தான். யோசித்ததும் முடிவு கட்டிவிட்டான். சேர்க்கை இன்று மாலையோடு முடிகிறது. இதை விட்டால் அடுத்த வருஷம் வரை தனித் தட்டுதான்.

கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். வெர்னான் ஸ்டக்கி என்று பெயர் சொன்னார். சங்கத்தின் மூத்த அண்ணன் போலிருக்கிறது என்று ஆர்லோ நிமிர்ந்து நின்றான்.

"சேர வந்திருக்கேன் சார். எந்தச் சோதனை வச்சாலும் தயார்."

"எந்தச் சோதனையும்?"

"எதுவானாலும் சார்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். முதுகுப் பையையும் பார்த்தார். "டோகா ரோமாபுரிக்காரன் கட்டுறது. வாசல்ல இருக்கறது கிரேக்க எழுத்து. இதாவது தெரியுமா?"

ஆர்லோவின் கை டோகாவுக்குப் போனது. முதல் கேள்வியிலேயே கோட்டை விட்டாயிற்று. "அப்ப கழட்டிடட்டுமா சார்?"

"வேணாம், வேணாம். இலை வார்றதுக்கு அது போதும்."

புதியவர்களைப் பாடாய்ப் படுத்தும் பழைய சோதனைகளைக் கல்லூரி தடை செய்துவிட்டது ஆர்லோவுக்குத் தெரியும். அதனால்தான் இவர்கள் சோதனையை வீட்டு வேலை மாதிரி வேஷம் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த மூளையை மனதுக்குள் மெச்சிக்கொண்டே வாரியை எடுத்தான்.

மேப்பிள் இலைகளைக் குவித்துவிட்டுத் திரும்பினால் டோகாவின் வால் பாதிக் குவியலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்தது. வாலைத் தூக்கிச் செருகினான். மிச்ச இலை எலாஸ்டிக் பைக்குள் போய் அடைந்தது. நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டு ரோண்டா வேலிக்கு அப்பால் நின்று, "இந்த வருஷம் நல்ல உயரமான ஆளா வந்திருக்கு" என்றாள். தெருவே தன்னை ஏற்றுக்கொண்டதாக ஆர்லோவுக்குத் தெம்பு வந்தது.

அடுத்து, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலைச் சுத்தம் செய்யச் சொன்னார். ஏணியிலிருந்து இறங்கும்போது டோகா ஆணியில் மாட்டிக்கொண்டது. அவன் இறங்கினான், டோகாவில் பாதி இறங்கவில்லை. டோகா இல்லாதவனைச் சேர்ப்பார்களோ என்ற பயத்தில் மீதியை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

சமையலறைக் குழாய் சொட்டியது. தன் விசுவாசத்தைக் காட்ட டோகாவிலேயே ஒரு துண்டு கிழித்துக் கட்டினான். சொட்டியது இப்போது ஒழுகியது. இன்னொரு துண்டு கிழித்தான். ஒழுகியது பீய்ச்சியது. குழாயைக் கழற்றி, துருவைச் சுரண்டி, ஒழுங்காகப் பூட்டி முடிப்பதற்குள் தரையைத் துடைக்கவும் டோகாதான் உதவியது. வேலை நன்றாக முடிந்தது. டோகா கோவணத்துக்குக் கொஞ்சம் மேலான நிலைக்கு வந்திருந்தது. நல்லவேளையாக உள்ளே ஓட்டப் பந்தய டிரவுசர் போட்டிருந்தான்.

மத்தியானம் தக்காளி சூப்பும் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும் கொடுத்தார். பண்ணையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் கேட்டார். மற்றவர்கள் எல்லாம் எங்கே என்று ஆர்லோ கேட்டதற்கு, போயிருக்கிறார்கள் என்றார்.

"ஆர்லோ, இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்திக்கோ."

ஆர்லோ கிண்ணத்தை நீட்டினான். இந்த ஊரில் சாப்பாட்டு மேஜையில் அவன் பெயர் கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன ஆனாலும் சரி, இந்த வீட்டை விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டான். அந்த வேகத்தில் அவர் பெருக்கச் சொல்லாத பின்புறக் கொட்டகையையும் பெருக்கினான்.

பொழுது சாயும் நேரம் பெரியவர் ஒரு சின்ன டப்பாவில் தங்க நிறப் பெயின்ட்டைக் கொண்டுவந்தார். வாசலுக்கு மேலிருந்த மூன்று எழுத்துகளையும் காட்டினார்.

"இதுதான் கடைசி. நல்லா ரெண்டு கோட் அடி. தெருக்கோடியிலேர்ந்து பார்த்தாலும் தெரியணும்."

ஆர்லோவின் கண் கலங்கிவிட்டது. சங்கத்தின் எழுத்தை வெளியாள் கையில் கொடுப்பார்களா? ஏணியில் ஏறி, வளைவு நெளிவெல்லாம் விடாமல் தீட்டினான். டோகாவின் கடைசித் துண்டால் ஓரத்தில் வழிந்த பெயின்ட்டை ஒற்றி எடுத்தான். எழுத்துகள் மாலை வெயிலில் மின்னின.

"சார், நான் தேறிட்டேனா?"

"என் கண்ணுல தேறிட்ட தம்பி. இதுவரைக்கும் வந்தவங்கள்ல நீதான் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு அவர் எலுமிச்சை ஜூஸ் எடுத்துவர உள்ளே போனார்.

நாயோடு திரும்பி வந்த ரோண்டா வேலியருகே நின்று எழுத்துகளை அண்ணாந்து பார்த்தாள். ஆர்லோ ஏணியின் உச்சியிலிருந்து, வெறும் டிரவுசரும் கையில் பிரஷ்ஷுமாக, தான் இனி இந்த வீட்டுச் சகோதரன் என்று அறிவித்தான்.

ரோண்டா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அந்தச் சங்கத்துப் பசங்க வீட்டை வெர்னானுக்கு வித்துட்டுப் போய் வருஷக்கணக்காச்சு தம்பி, ஆனா எழுத்து மங்கிப் போச்சுன்னா அடுத்த வருஷம் இலை வாரறதுக்கு ஆள் வராதே."