ஊர் இணைப்பைக் கெடுத்த காப்பி

குறை கேட்க வரும் அதிகாரிகளுக்கு நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளிடம் அவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு குறை கேட்காதீர்கள். ரோட்டில் கேளுங்கள், பஸ்ஸில் கேளுங்கள், வண்டவாளம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். ஆனால் வாசல்படி தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் அதிகாரி இல்லை, ஒரம்பரை. (விருந்தாளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) வந்த ஒரம்பரையிடம் எவனாவது குறை சொல்வானா?

இந்தச் சின்ன விஷயம் கல்யாண வயதில் எனக்கு உறைக்காமல் போனதால் இரண்டு ஊர்கள் ஒரே நகரமாகச் சேராமல் நின்றுபோயின. என் கல்யாணமும் அதோடு நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. ஒரு தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் கரட்டுப்புதூர், அந்தப் பக்கம் மில்மேடு. இரண்டும் தனித்தனி நகராட்சி. நடு ரோட்டில் நாய் ஒன்று செத்துக் கிடந்தால், தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆள் அனுப்புவார்கள். அந்தப் பக்கம் தெருவிளக்கு எரியும், இந்தப் பக்கம் கம்பம் மட்டும் நிற்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மில்மேட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்தது. எங்களுக்குக் கிணற்று உப்புத் தண்ணீர்.

சிறுவாணி குடித்தவர்களுக்கு எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பருப்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பல்லில் கடிபடும். சோப்பு நுரைக்காது. காப்பி போட்டால் பால் திரிந்து, டம்ளருக்குள் ஏதோ தகராறு நடந்த மாதிரி இருக்கும். நான் வேலை பார்த்ததோ தண்ணீர் இறைக்கிற மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில்! ஊருக்கெல்லாம் பம்பு செய்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, தேங்காய் நார் மாதிரி முடியோடு திரிந்தேன்.

இந்த முடியோடுதான் மில்மேட்டு ருக்மணியைப் பெண் கேட்டேன். அவளுடைய அப்பா சுப்பையன் எனக்குத் தூரத்து முறையில் மாமா. அங்கே கவுன்சிலர். இரண்டு ஊரையும் இணைக்கவே கூடாது என்று மேடைக்கு மேடை பேசுகிறவர். "அவிகளையும் சேத்துக்கிட்டா நம்ம கொழாயில காத்துத்தான் வரும்" என்பது அவர் கட்சி. பெண் கேட்டுப் போன எங்களிடம் மரியாதையாகத்தான் சொன்னார்.

"மாப்ளைக்கு என்னங்க கொறச்சல்? தங்கமான பையன். ஆனா உப்புத் தண்ணி ஊருக்கு எப்பிடிங்க புள்ளையக் குடுக்கறது? உங்கூருக்குக் கொழா வரட்டும். அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அது சம்மதமா, சிரிப்பா என்று இன்றுவரை ருக்மணி சொல்லவில்லை.

அன்றைக்கு நான் இணைப்புப் போராளி ஆனேன். (நாட்டுக்காகவா? சேச்சே.) எங்கள் ஊரில் ஒரு சங்கம் ஆரம்பித்து, நானே செயலாளர் ஆகி, "ஒரே ஊர்! ஒரே தண்ணீர்!" என்று முழங்கினேன். எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேர் பயந்தார்கள். வரி கூடிவிடும் என்றார் ஒருவர். சேர்ந்த ஊருக்கு யார் பெயரை வைப்பது என்று கேட்டார் இன்னொருவர். அந்தப் பெயர்ச் சண்டையிலேயே மூன்று கூட்டம் போயிற்று. நான் விடவில்லை. மனு மேல் மனு போட்டதில், கடைசியாகச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்ய வருவதாகத் தகவல் வந்தது.

நான் திட்டம் போட்டேன். என்னை விடப் புத்திசாலி ஜில்லாவிலேயே இல்லை என்கிற நினைப்பு எனக்கு. அதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை, எங்கள் தண்ணீரில் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்தால் போதும், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவைத்தேன். வீட்டிலும் சொன்னேன்.

"அம்மா, நாளைக்கு ஆபீசருக்கு நம்ம கெணத்துத் தண்ணிலதான் காப்பி போடோணும். எங்கியாச்சும் போயி நல்ல தண்ணி வாங்கியாந்துராத."

"செரி கண்ணு" என்றார் அம்மா. எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்பதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஒல்லியான மனிதர், தங்க பிரேம் கண்ணாடி, மெதுவான பேச்சு. முதலில் எங்கள் வீடு. நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். அதிகாரி ஒரு வாய் குடித்தார். முகம் சுளிப்பார் என்று நான் முகத்தைத் தயாராகச் சோகமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஆகா!" என்றார் அதிகாரி. "சென்னையில் இப்படி ஒரு காப்பிக்கு நாங்கள் எங்கே போவது!"

எட்டி டம்ளரைப் பார்த்தேன். கொஞ்சம்கூடத் திரியாமல், கள்ளிச்சொட்டாய் நின்றது காப்பி. அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தார்.

"சார், இது... எப்பவும் இப்படி இருக்காதுங்க" என்றேன்.

"அடக்கமாகப் பேசுகிறீர்கள்" என்று சிரித்தார். உண்மையை உடைத்துச் சொல்லியிருக்கலாம். விருந்தாளிக்கு முன்னால் பெற்ற தாயை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

பாதகமில்லை, அடுத்த வீடு இருக்கிறது என்று மயிலாத்தா அக்கா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊரில் ஆவேசமான இணைப்புவாதி அவர். கூட்டத்தில் வேகாத பருப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்து காட்டியவர். அவர் வீட்டில் இலை போட்டு அரிசியும்பருப்புச் சாதம் வைத்தார். பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. மேலே நெய் வேறு. அதிகாரி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, என்ன இது?" என்று சமையல்கட்டுப் பக்கம் போய்ப் பல்லைக் கடித்தேன்.

"அட, சும்மா இரு தம்பி! மெட்ராசுல இருந்து வந்த மனுசனுக்கு வேகாத பருப்பப் போட்டு, நாளைக்கு அவிக ஊட்டுல போயி என்னையப் பத்தி என்னன்னு சொல்லுவாங்க?"

கடைசி நம்பிக்கை நஞ்சப்பன் டீக்கடை. நஞ்சப்பன் டீயை நான் பல வருஷமாகக் குடித்து வந்தவன். அந்த உப்பு, எந்த அரசாங்கத்தையும் அசைத்துவிடும். ஆனால் அன்றைக்கு அவன் ஆற்றிக் கொடுத்த டீ மணத்தது. இவ்வளவு நல்ல டீ போடத் தெரிந்த பாவி இத்தனை வருஷம் எனக்கு என்ன கொடுத்திருக்கிறான் என்று ஊர்க் கவலையிலும் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஜீப்புக்குத் திரும்பி வந்தபோதுதான் அதிகாரி நல்ல வார்த்தை ஒன்று சொன்னார். "உங்கள் வீட்டிலிருந்து ஒரு சீசாவில் தண்ணீர் கொடுங்கள், கொண்டு போகிறேன். பரிசோதனைக்கு அனுப்பலாம்." எனக்குப் போன உயிர் வந்தது. காப்பி பொய் சொல்லலாம், கிணறு சொல்லுமா? தெருவில் நின்றிருந்த சங்கத்து ஆட்களோடு நான் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய டிரைவர் எங்கள் வீட்டுக்குள் போய்ச் சீசாவை நிரப்பிக்கொண்டு வந்தார்.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீங்கள்தான் மனு போட்டவர். வாய் திறக்கவே இல்லையே. உங்கள் குறை என்ன, சொல்லுங்கள்."

எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்! கண்ணாடி முன்னால் எத்தனை முறை ஒத்திகை பார்த்திருக்கிறேன்! ஆனால் வீட்டு வாசலிலிருந்து ஒருவர் விடைபெற்றுப் போகிறார், குறை உண்டா என்று கேட்கிறார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அடுத்த வாட்டி வர்றப்ப ஊட்டுல அம்மாவையும் கூட்டியாங்க. இருந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போலாமுங்க."

ஜீப் போய்விட்டது. புழுதி அடங்கிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது.

"சீசாவுலயாச்சும் கெணத்துத் தண்ணிதான குடுத்தே?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா முந்தானையைச் சரிசெய்தார். "வழியில தாகமெடுத்தா குடிக்கறதுக்குன்னு நெனச்சேன் கண்ணு. தூரப் போறவிகளுக்கு உப்புத் தண்ணியவா குடுத்துடறது?"

அன்று சாயங்காலமே முழுக் கதையும் வெளியே வந்தது. விடிவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு மில்மேட்டுக் குழாய்க்குப் போயிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் ஊரே வரிசையில் நிற்கிறது! மில்மேட்டுக்காரர்களும், "உங்கூட்டுக்கு ஒரம்பரை வருதாமா? மொதல்ல நீங்க புடிச்சுக்கோங்க" என்று வழி விட்டிருக்கிறார்கள். இணைப்பு வேண்டாம் என்கிற ஊர் தண்ணீர் கொடுத்தது, இணைப்பு வேண்டும் என்கிற ஊர் அதை வாங்கி வந்து இணைப்பைக் கெடுத்தது. அம்மாவின் குடம் ருக்மணி வீட்டுக் குழாயிலேயே நிரம்பியதாம். பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டதும் அவளேதானாம்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. கரட்டுப்புதூர்த் தண்ணீர் அருமையாக இருப்பதாலும், மக்கள் மனநிறைவோடு இருப்பதாலும், இணைப்புக்கு இப்போது அவசியம் இல்லை. சங்கத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட யோக்கியதை ஒருவருக்கும் இல்லை. நான் மட்டும் கம்பெனிக்குக் கோயில் தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன், மில்மேட்டுப் பக்கம் தலை காட்ட வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்பையன் மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெயித்தவர் கேலி பண்ண வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா காப்பி கொடுத்தார். சொல்லாமல் வந்ததால் அது கிணற்றுத் தண்ணீர்க் காப்பி. மாமா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

"காப்பி எப்பிடிங்க மாமா?" என்றேன், வேறு பேச்சு வராமல்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்ள" என்றார். அவர் மீசை ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்துவிட்டது. பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளுக்காவ ரோட்டத் தாண்டிக் கொடஞ் சுமந்தீங்க. அந்த ஊட்டுல என்ற புள்ள என்னைக்கும் தவிச்சுப் போவ மாட்டா. தட்ட மாத்திக்கலாமுங்க."

சீர்வரிசையோடு மாமா ஒரு வண்டியில் பீப்பாய் நிறையச் சிறுவாணித் தண்ணீர் அனுப்பினார். அதற்குப் பிறகு வாரா வாரம் அந்த வண்டி வந்தது. இணைப்பை எதிர்த்துப் பேசிக்கொண்டே தண்ணீரும் அனுப்பிக்கொண்டிருந்தார் மனிதர்.

சில வருஷம் கழித்து அரசாங்கமே இரண்டு ஊரையும் இணைத்தது. எங்கள் வாசலில் குழாய் போட்டார்கள். திறந்துவைக்க வந்த இன்ஜினீயர் திருகினார். உஸ்ஸென்று காற்று வந்தது. மாமா சொன்ன அதே காற்று. வேறொன்றும் வரவில்லை.

"தண்ணி வருதுங்களா?" என்று கேட்டார் இன்ஜினீயர், என்னைப் பார்த்து.

"நல்லா வருதுங்க. வாங்க, ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போலாம்" என்றேன்.

உள்ளேயிருந்து ருக்மணி காலிக் குடத்தோடு பறந்து வந்தாள். "ஏனுங்க, இவரு சொல்றத எழுதிக்காதீங்க! என்ன வேணும்னாலும் எங்கிட்டக் கேளுங்க!" என்று குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டு, தண்ணீர் வருகிறவரை அவரைக் கிளம்பவே விடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குறை சொல்லும் இலாகா அவளுடையது. போன மாதம் பல் பிடுங்கப் போனேன். "வலிக்கிறதா?" என்று டாக்டர் என்னைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ருக்மணியைக் கேட்டார். அவள் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள்.