மீத்தேனையும் சேர்த்துக்கொண்ட யுகேந்திரன்

யாருக்கும் எதற்கும் ‘இல்லை’ என்று சொல்லாத ஓர் இனம் நம்மிடையே இருக்கிறது. வள்ளல்களைச் சொல்லவில்லை. வள்ளல்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். இவர்களோ பெருகிக்கொண்டே போகிறார்கள். கோயில் கூட்டத்தில் ஓர் அம்மாள் எழுந்து, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னால், மேசைக்குப் பின்னால் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, அம்மாளை அன்போடு பார்த்து, ‘நல்ல பாயிண்ட்’ என்று பாராட்டி, நோட்டைத் திறந்து, மூன்று பேனாக்களில் பச்சையைத் தேர்ந்தெடுத்து, எழுதி, அடியில் கோடும் போட்டு, ‘சேர்த்துக்குவோம்’ என்று முடிப்பாரே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவரேதான். அம்மாளுக்கு மனம் நிறைந்துவிடும். கதவுக்குத்தான் தாழ்ப்பாள் வராது.

இவர்கள் கெட்டவர்கள் அல்ல. குரலை உயர்த்தமாட்டார்கள், யார் மனத்தையும் நோகடிக்கமாட்டார்கள், கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நாற்காலிகளைச் சரிசெய்வார்கள். ஒரு குறையை எழுதிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிட்டது என்று மனதார நம்புவார்கள். கோளாறு அவ்வளவுதான்.

மலேசியாவின் ஈப்போ நகரில் இந்த இனத்தின் தலைமகன் யுகேந்திரன். வயது நாற்பத்தாறு. இருபது வருஷமாகப் பல சங்கங்களில் செயலாளராக இருந்து பழகிய கை. கடைசியில் அந்தத் திறமையே அவருக்குத் தொழிலாகவும் அமைந்துவிட்டது. நாட்டின் பருவநிலைத் திட்டத்தைப் புதுப்பிக்கும் அமைச்சு ஒன்று, அதில் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்துத் தர ஆலோசகர் தேடியது. சேர்ப்பதற்கு இவரைவிட வேறு ஆள் உண்டா?

அத்தியாயம் எதைப் பற்றி? அதுவரை எல்லோரும் கரியமிலவாயுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அது நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் குடியிருக்கும் ஆசாமி. ஆனால் குப்பைமேட்டிலும் செம்பனை ஆலைக் கழிவுக் குளத்திலும் கிளம்பும் மீத்தேன், வைக்கோலும் டீசலும் எரியும்போது வரும் கரிப்புகை, அறையைக் குளிரவைக்கும் ஏர்கோன் வாயு ஆகியவை அற்பாயுசுக்காரர்கள். சில நாளோ, மிஞ்சினால் பத்துப் பதினைந்து வருஷமோ இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். இருக்கிற வரையில் அடிக்கும் சூட்டைப் பார்த்தால் கரியமிலவாயுவே வெட்கப்படும். ஆகவே இவர்களை இன்று நிறுத்தினால் பலனை நாமே உயிரோடிருந்து பார்க்கலாம். அந்த அத்தியாயத்தில் பேராக் மாநிலத்துப் பகுதி யுகேந்திரன் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் அமைச்சுக்குப் போய்ச் சேரவேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஈப்போ ஹோட்டல் ஒன்றில் கலந்துரையாடல். காலையில் கறிபாப்பும் தேநீரும் முடிந்தவுடன் முதல் கை உயர்ந்தது. நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் சிக்கந்தரின் கை அது.

“அண்ணே, நம்ம கடை ஏர்கோனை ரிப்பேர் பண்ண வர்ற ஆளு, பழைய கேஸை அப்படியே புஸ்ஸுன்னு வெளிய வுட்டுடுறான் லா. கேட்டா எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்கங்கிறான்.”

“நல்ல பாயிண்ட் பாய். சேர்த்துக்குவோம்.”

பாகான் செராயிலிருந்து வந்த நெல் விவசாயி, அறுவடை முடிந்து வைக்கோலைக் கொளுத்தினால் பக்கத்துப் பள்ளிக்கூடமே இருமுகிறது என்றார். சேர்த்துக்கொண்டார். ஒருவர் லோரிப் புகையைச் சொன்னார். சேர்த்துக்கொண்டார். இன்னொருவர் மண்டபத்தில் குளிர் ஜாஸ்தி என்றார். அதையும் எழுதிக்கொண்டார். காலையில் நாற்பது பக்கமாக இருந்த வரைவு சாப்பாட்டு வேளைக்குள் அறுபத்தேழு பக்கமாகிவிட்டது. எல்லோர் முகத்திலும் திருப்தி. யுகேந்திரன் முகத்தில் கல்யாணத்தை நல்லபடியாக நடத்தி முடித்த அப்பாவின் களை.

அப்போதுதான் காளியம்மா எழுந்தார்.

கோப்பெங்கைத் தாண்டிய ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் லயங்களை இடித்துத் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள் கட்டினார்கள், பக்கத்திலேயே ஆலையும் வந்தது. காளியம்மா மட்டும் நகரவில்லை. ஈப்போவில் ஒரு சலவை நிலையத்தில் வேலை. தாமான் சங்கச் செயலாளர் என்பதால் அழைப்பு வந்திருந்தது. கொடுத்த தாள்களை அந்த மண்டபத்தில் முழுக்கப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

“தம்பி, பதினேழாம் பக்கத்துல எங்க ஆலை இருக்கு. குளத்தை மூடியிருக்கு, வாயு ஒண்ணும் வெளிய வரலன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாக்கா. மேல கெட்டி விரிப்புப் போட்டு, வர்ற மீத்தேனைப் புடிச்சு எரிச்சுடறாங்க. நம்ம மாநிலத்துக்கே அது பெருமை.”

“விரிப்பு கிழிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. அடிச்ச காத்துல ரெண்டா பொளந்துடுச்சு.”

யுகேந்திரன் சிவப்புப் பேனாவை எடுத்தார். “நல்ல பாயிண்ட்கா. சேர்த்துக்குவோம்.”

“எங்க சேப்பீங்க?”

இருபது வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி இது. “அடிக்குறிப்புல” என்றார்.

“அப்படின்னா?”

“பக்கத்துக்கு அடியில, சின்ன எழுத்துல வரும்கா.”

“நாத்தம் பெருசால்ல இருக்கு தம்பி!”

மண்டபமே சிரித்தது. யுகேந்திரனும் சிரித்து வைத்து, மீத்தேனுக்கு மணமே கிடையாது, நாற்றம் அதனோடு சேர்ந்து வரும் வேறொரு வாயுவினுடையது என்று பொறுமையாக விளக்கினார். காளியம்மா அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப நாத்தம் இல்லாதது எவ்வளவு வருதுன்னு யாருக்குமே தெரியாது. அப்படித்தானே? நேர்ல வந்து பாருங்க.”

“கண்டிப்பா வாரேன்கா. அடுத்த மாசம் ஒரு நாள்...”

கூட்டம் கலைந்து யுகேந்திரன் காருக்குப் போனபோது, காளியம்மா கைப்பையோடு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “பஸ்ஸு போயிடுச்சு தம்பி. அரை மணி நேரம்தான், கொண்டாந்து வுட்டுடுங்களேன்.” யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் என்ன செய்வார்? கதவைத் திறந்துவிட்டார்.

கோப்பெங் தாண்டிச் செம்பனைக்குள் நுழைந்த பாதையில் நாற்றம்தான் முதலில் அவர்களை எதிர்கொண்டது. அழுகிய முட்டையை யாரோ மூக்கின் மேலேயே உடைத்தது போல. தாமானில் வெயில் கொளுத்தும் நாலு மணிக்கு எல்லா வீட்டுச் சன்னல்களும் இறுகச் சாத்திக் கிடந்தன. “மழைன்னு நெனச்சுடாதீங்க. பதினாலு மாசமா இப்படித்தான்” என்றார் காளியம்மா. அவர் மருமகள் கலாதேவி வாசலுக்கு வந்து, “உள்ள வாங்கண்ணே, கோப்பி போடறேன்” என்று கூப்பிட்டாள். கையிலிருந்த குழந்தையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். யுகேந்திரன் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பேசினால் மூச்சு இழுக்கவேண்டியிருக்குமே.

குளம் ஒரு பந்துத்திடல் அளவு. கறுப்பு விரிப்பு நடுவில் கிழிந்து ஒரு பக்கம் காற்றில் படபடத்தது. கிழிசலுக்குள் பழுப்புத் தண்ணீர் கொதிக்கும் குழம்பைப் போலக் குமிழிட்டது. ஒவ்வொரு குமிழும் உடைந்து உடைந்து மேலே போய்க்கொண்டிருந்தது. மேலே என்றால், அவருடைய பதினேழாம் பக்கத்தில் ‘கிட்டத்தட்ட இல்லை’ என்று அச்சாகியிருந்த இடத்துக்கு. அந்த வார்த்தைகளைத் தட்டச்சு செய்ததே அவர்தான். ஆலை நிரப்பி அனுப்பிய படிவத்தில் அப்படி இருந்தது, அப்படியே சேர்த்துக்கொண்டார். காலிலிருந்த பளபளப்பான சப்பாத்து சேற்றில் இறங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஆலையின் துணைப் பொறியியலாளர் தனேஷ் ஓடிவந்தார். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. யுகேந்திரன் விரிப்பைக் காட்டிக் கேட்டதும், தனேஷ் கண்ணாடியைக் கழற்றி, அன்போடு பார்த்து, புன்னகைத்தார்.

“நல்ல பாயிண்ட் அண்ணே. நோட் பண்ணிட்டோம். அடுத்த வருஷப் பராமரிப்புத் திட்டத்துல சேர்த்துக்குவோம்.”

யுகேந்திரனுக்குக் காதில் சூடேறியது. கண்ணாடி முன்னால் நின்று பல் விளக்கும் மனிதனை, கண்ணாடிக்குள் இருப்பவன் முந்திக்கொண்டு நலம் விசாரித்தது போல் இருந்தது. எதிரில் நிற்பவரின் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. பேச்சு முடிந்துவிட்டது, குமிழி மட்டும் முடியவில்லை. தன்னிடம் நல்ல பாயிண்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன நூற்றுக்கணக்கான பேரும் வரிசையாக அந்தக் குளக்கரையில் வந்து நிற்பது போல் அவருக்குப் பட்டது.

“எந்தத் தேதியில தம்பி?” என்று கேட்டார்.

தனேஷ் புன்னகையை அவசரமாக மடித்துவைத்தார். தேதி கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “மேல கேட்டுச் சொல்றேன்ணே” என்றார்.

யுகேந்திரன் அங்கேயே நின்று அமைச்சுக்கு அழைத்தார். அத்தியாயத்துக்குப் பொறுப்பான அதிகாரி ரஸ்னாவும் ஈப்போக்காரர்தான்.

“ரஸ்னா, பதினேழாம் பக்கத்து நம்பரை மாத்தணும். பேராக் கணக்கு ஏறும்.”

“அலாமாக்! அண்ணே, அந்த நம்பரை வெச்சு மேலிடத்துக்கு ஸ்லைடு போட்டாச்சு. பின்னிணைப்புல ஒரு வரி சேர்த்துக்குவோம், சரிதானே லா?”

“வேணாம்.”

மறுமுனையில் ரஸ்னா கைப்பேசித் திரையில் பெயரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

“யுகேந்திரன் அண்ணன்தானே பேசறது? ஒடம்புக்கு ஏதாச்சும்?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. மூக்குதான் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள மத்த குளங்களையும் பாத்துட்டு வாரேன்.”

சொன்னதைச் செய்தார் என்பதுதான் இதில் அதிசயம். பட்டியலில் ‘மூடப்பட்டது’ என்றிருந்த குளங்கள் ஏழு. புதன், வியாழன் இரண்டு நாளும் காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய் நின்றார். நாலு ஒழுங்காக இருந்தன. காளியம்மாவின் குளத்தையும் சேர்த்து மூன்று கிழிந்திருந்தன. அந்த மூன்றிலும் விரிப்பு மாற்றுவது ‘திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது’.

வெள்ளிக்கிழமை காலை அமைச்சில் நடந்த கூட்டத்தில் புதிய கணக்கைப் பார்த்து ரஸ்னா முதலில் தலையில் கைவைத்துக்கொண்டார். அவருடைய மேலதிகாரி முகத்தைச் சுளித்தார். யுகேந்திரன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் குரலை உயர்த்தினார். பெரிதாக ஒன்றுமில்லை, மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும் அளவுக்குத்தான். “நம்பர் ஏறினது நம்ம தப்பு இல்லைங்க. வாயு ஏற்கெனவே ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம். கிழிஞ்ச விரிப்பை மாத்தினாலே போதும். இதைவிடச் சுலபமா, இவ்வளவு சீக்கிரமாப் பலன் தர்ற வேலை இந்த அறுபத்தேழு பக்கத்துல வேற எதுவும் இல்ல.”

அந்த வாதம் ரஸ்னாவுக்குப் பிடித்துப்போயிற்று. அறுபத்தேழு பக்கத்தில் ஒன்பதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினார்கள். மண்டபத்துக் குளிர் முதலில் போயிற்று. மிஞ்சியதில் முதல் வரி: மூடியிருப்பதாகச் சொல்லும் குளங்களையெல்லாம் நேரில் போய்ப் பார்ப்பது, கிழிந்ததைத் தேதி குறித்துச் சரிசெய்வது. வைக்கோலுக்கும் ஏர்கோன் வாயுவுக்கும்கூடப் பொறுப்பாளர் பெயரும் தேதியும் கேட்டு வாங்கினார் யுகேந்திரன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யுகேந்திரன் பசியாறிக்கொண்டிருக்கும்போது காளியம்மாவின் அழைப்பு வந்தது.

“தம்பி, புது விரிப்புப் போட்டுட்டாங்க. வீட்டுக்கு வீடு சன்னலைத் தொறந்து வெச்சாச்சு. அதுல ஒரு புதுத் தொல்லை.”

“என்னக்கா?”

“பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் தெளிவாக் கேக்குது லா!”

யுகேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். கை பழக்கத்தில் நோட்டைத் தேடியது. நல்லவேளை, அது காரில் இருந்தது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். படிக்கும்போது உங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர், சங்கத்துத் தலைவர் ஒருவர், ஏன், மச்சான் ஒருவர்கூட நினைவுக்கு வந்திருப்பார். ‘அப்படியே அவர்தான்!’ என்று சிரித்துமிருப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இப்போது கை மெல்லக் கைப்பேசிப் பக்கம் போகிறதே, எதற்கு? ‘அருமையான கருத்து, அனைவரும் சிந்திக்கவேண்டும்’ என்று ஒரு வரி எழுதி, கும்பிடும் கை இரண்டு போட்டு, குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, இன்றைக்கு உலகத்துக்கு ஏதோ நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு மத்தியானத் தூக்கத்துக்குப் போகத்தானே?

சும்மா கேட்டேன். நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். கூட்டம் ஆரம்பிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.