ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதவர்

மனைவி அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, அதன் கழுத்தில் சிவப்பு அட்டை மாட்டிவிட்டு, அதற்கப்புறம் விரல் விட்டுச் சட்னியில் உப்பு பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் ஊரான வடக்குத்தில் அவரை ரெட்கார்டு என்பார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

ரெட்கார்டு முப்பது வருஷம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுது பார்த்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மிஷினுக்குள் இறங்குகிறவர் அதை நிறுத்தி, ஸ்விட்சில் தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். மாட்டியவரே வந்து எடுக்கும்வரை யாரும் அதை ஓட்டக் கூடாது. ஒருநாள் யாரோ ஓட்டிவிட்டார்கள்.

"ரெண்டு வெரலு பெல்ட்டோட போயி மண்ணோட கொட்டிடுச்சு" என்பார், பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

ஓய்வு பெற்றதும் மெக்கானிக் ஆனார். எந்த வண்டி வந்தாலும் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும், சாவியை அவர் சட்டைப்பையில் போட வேண்டும், அட்டை தொங்க வேண்டும். ஹாரன் அடிக்கவில்லை என்று ஸ்கூட்டர் தள்ளிக்கொண்டு வந்த டீச்சரம்மா, மாற்றுச் சாவி இருந்த ஹேண்ட்பேக்கிலும் ஒரு அட்டை தொங்கப் பள்ளிக்கூடம் போனார்.

நான் எட்டாவதோடு நின்றவன். காடாம்புலியூரில் முந்திரி உடைத்தேன். கைத்தோல் உரிந்ததும் விட்டேன். கோயம்புத்தூரில் கார் கழுவினேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன், கான்ட்ராக்ட் முடிந்தது. ரெட்கார்டிடம் வேலை கேட்டபோது என் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சுரங்க எஞ்சினியர் ரிட்டயர் ஆனார். திருநெல்வேலிக்காரர். மூன்று நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவி ஒப்படைக்க வேண்டும். ஷெட்டில் அவருடைய பழைய ஜெர்மன் கார் நின்றது. எந்தக் காலத்திலோ இங்கே வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போனது, ஆட்டோமேட்டிக் கியர். அதை ஓட்டிக்கொண்டுதான் ஊர் போய்ச் சேருவேன் என்பது அவர் பிடிவாதம்.

"மேஸ்திரி, கியர டி-ல போட்டா எட்டு எண்ணுத வரைக்கும் சும்மா நிக்கி. ஒம்பதாவதுல பாயுது."

"எதும்மேல பாஞ்சுதுங்க?"

"நேத்து பக்கத்து வீட்டுச் செம்பருத்தி. இன்னைக்கு எங்க வீட்டு இரும்புக் கேட்டு."

வாசலிலிருந்து அவர் மனைவி சொன்னார். "பழைய இரும்பு எடைக்கு எடுக்குதவன்கிட்ட சொல்லியாச்சு. நாளன்னைக்குக் காலைல வருதான். நாம ரயில்ல போவோம்."

எஞ்சினியர் எங்களிடம் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊர்ல நான் இருந்த வீடு, படுத்த கட்டில், சுத்துன ஃபேன் எதுவும் என்னுது இல்ல. இது ஒண்ணுதான் என்னுது."

ரெட்கார்டு அட்டையை மாட்டி வேலையைத் தொடங்கினார். எஞ்சினை அணைத்து வைத்தே, வண்டி நிற்கும்போது அது சுற்றும் வேகத்தைக் குறைத்தார். பாய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. தாமதம் அப்படியே இருந்தது. கியர் கம்பியைச் சரிசெய்தார். கியர்பாக்ஸின் அடித்தட்டில் ஆயில் கசிவதைக் கண்டு, கழற்றி, புது பேக்கிங் போட்டார். எஞ்சினை அணைத்தபடியே புது ஆயில் ஊற்றி, அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். ஃபுல்.

இப்போது எட்டு எண்ணிய தாமதம் பதினைந்தாகிவிட்டது.

"ஜெர்மன் காருங்க. யோசிச்சித்தான் எடுக்கும்" என்றார் எஞ்சினியரிடம்.

நான் சொன்னேன். "அண்ணே, கோயம்புத்தூர்ல இந்த மாதிரி வண்டிக்கு எஞ்சின ஓடவிட்டுத்தான் கியர் ஆயில் பார்ப்பாங்க. நிறுத்திட்டா மேல சுத்துற ஆயிலும் கீழ எறங்கிடும். கம்மியா இருந்தாலும் ஃபுல்லாக் காட்டும்."

"நீ அங்க இன்னா வேல பார்த்த?"

"கார் கழுவுனேன்."

"கழுவுனத மட்டும் பேசு. ஓடிக்கினு இருக்கற மிஷின்ல கை வையின்னு எங்கிட்டயே சொல்றான் பாரு."

மூன்றாம் நாள் காலை பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரோடு வந்து இறங்கினார். எஞ்சினியர், வெட்டப்போகிற காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரெட்கார்டு அதையே பார்த்துக்கொண்டு இரண்டு டீ குடித்தார். பிறகு, "பேப்பர் எடு. சுரங்கத்துல எழுதற மாதிரி பெர்மிட் எழுதணும்" என்றார்.

வேலை: ஓடும் எஞ்சினில் ஆயில் பார்த்தல். அனுமதி கேட்பவர், ரெட்கார்டு. கொடுப்பவர், ரெட்கார்டு. இரண்டு இடத்திலும் வேறு வேறு கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து, பழைய இரும்புக்காரர்.

"கையெழுத்துப் போட்டா காரு எனக்குத்தான?"

"போடுய்யா மொதல்ல."

நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தோம். ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினியர் உள்ளே உட்கார்ந்தார். ரெட்கார்டு தன் அட்டையைத் தானே கழற்றினார். எஞ்சின் சூடேறியதும் எஞ்சினியர் கியரை எல்லா இடத்துக்கும் மெதுவாக நகர்த்தி, திரும்பவும் பார்க்கிங் கியரில் நிறுத்தினார். அளவுக்கம்பிக்கு ஒரு சாண் தள்ளி ஃபேன் சுற்றியது.

"நான் எடுக்கறேன்ணே."

"உனக்குப் பத்தும் இருக்கு. தள்ளி நில்லுடா."

தள்ளி நிற்கச் சொன்னவர் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று விரல் இருந்த வலது கையை உள்ளே விட்டார். கம்பி வெளியே வந்தது. நுனிகூட நனையவில்லை.

"த்தூ" என்றார், கம்பியைப் பார்த்து. "காஞ்சி கெடக்குது. ஃபுல்லுன்னு நாந்தான சொன்னேன்?"

புனல் வைத்து நான் ஊற்ற, அவர் கம்பியை விட்டு விட்டுப் பார்த்தார். ஒன்றரை லிட்டர் சிவப்பு ஆயில் உள்ளே போனது. எஞ்சினியர் பிரேக்கை மிதித்தபடி டி-யில் போட்டு எண்ணத் தொடங்கினார். 'ஒண்ணு' என்று வாய் திறப்பதற்குள் கார் செங்கல்மேல் மெல்லச் சாய்ந்தது, பசு உரசுகிற மாதிரி. அவர் மனைவி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து பின்சீட்டில் வைத்தார். பழைய இரும்புக்காரரே செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "போய்ட்டு வாங்க சார்" என்றார்.

கார் தெருமுனையில் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் சத்தமும் போய்விட்டது. ரெட்கார்டு என் தோளை இன்னும் விடவில்லை. பிடி இறுகித் தோள் வலித்தது. கையை வைத்தவரே எடுக்கட்டும் என்று அசையாமல் நின்றேன்.